இடது காலின் தாமதம்

நிழலுக்கு எதிராகப் பந்தடிப்பது ரெஜினாவுக்குப் பிடிக்காத வேலை. ஆனால் நெய்தல் ஹாக்கி கிளப் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கிளப்பின் வெறுங்கூடம் மைதானமாகிவிடும். எதிரே கோல்கம்பங்கள். நடுவில் கால்காப்பும் மார்க்கவசமும் தலைக்கவசமும் அணிந்த ஒரு பெண். தலைக்கவசத்துக்குள் முகம் இருக்காது. அதை வரைய யாரும் மெனக்கெடவில்லை. மற்றபடி அவள் நிற்கிற விதம், எடையைக் காலுக்குக் கால் மாற்றுகிற விதம், பந்து கிளம்புவதற்குச் சற்று முன் இடுப்பை இறக்குகிற விதம் எல்லாமே கோவில்பட்டி செண்பகவல்லி, அச்சு அசலாக. வயது பத்தொன்பது. சில நாள் அவளை ஆடவைத்துப் படம் பிடித்துச் செய்த நிழல் இது; நிஜமான செண்பகவல்லி அந்த நேரத்தில் ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

ரெஜினா வட்டத்தின் விளிம்பில் பந்தை மட்டையோடு இழுத்து வந்து சுண்டினாள். வலது மேல் மூலை. நிழலின் கை அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருந்தது. வலது கீழ் மூலை. தடுத்தாள். இடது மேல். தடுத்தாள். ரயில்வே அணிக்காக வருடக்கணக்கில் பெனால்டி கார்னர் அடித்தவளுக்கு இப்படியொரு கீப்பரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு இடது கீழ் மூலைக்கு அடித்தாள். இடது கால் ஒரு கண்ணிமை நேரம் பிந்தி வந்தது. பந்து உள்ளே போய்விட்டது. அதே இடத்துக்கு மறுபடி அடித்தாள். மறுபடியும் கோல்.

கண்ணாடியைக் கழற்றியபோது சுவரோரமாக நாற்காலியில் பிரணவ் உட்கார்ந்திருந்தான். கிளப்பின் புது நிர்வாகி. ஒப்பந்தங்கள் அவனுக்குக் கைவந்த கலை. ஹாக்கிதான் புதிது.

"ஒண்ணு கேக்கணும் மேம்," என்றான். "நிழல் நம்ம எடுத்தது. நம்ம செலவு. அதை ஏன் மத்த கிளப்புக்குக் கொடுக்கணும்?"

"லீக் விதி. ஒப்பந்தம் போட்டதும் நிழலைப் பொதுவுல வைக்கணும். எந்த கிளப் ஆட்டக்காரியும் யாரோட நிழலை வச்சு வேணாலும் பயிற்சி எடுக்கலாம். ஆட்டத்துல கோல் நிறைய விழணும், பாக்கிறவங்க எழுந்து போகக் கூடாதுன்னு கொண்டு வந்தாங்க."

"அப்ப கீப்பர் கதி?"

"அதைச் சொல்லத்தான் நான் இருக்கேன். ஒரு கீப்பரை மத்தவங்க படிச்சு முடிக்க எத்தனை வருஷம் ஆகும்னு கணிச்சு எழுதணும். அதை வச்சு நீங்க ஒப்பந்தம் போடுவீங்க." ரெஜினா மட்டையின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தாள். "தஸ்லிமான்னு ஒரு பொண்ணு இருந்தா. வாணியம்பாடி. நான் பாத்ததுல அவளைப் போல ஒரு கீப்பர் இல்ல. முதல் வருஷம் யாராலயும் அவளை அசைக்க முடியல. ரெண்டாவது வருஷம் லீக்ல இருக்கிற எல்லாரும் வீட்டு மாடியில நின்னு அவ நிழலுக்கு எதிரா ஆயிரக்கணக்குல அடிச்சுட்டு வந்தாங்க. அவ எந்தப் பக்கம் சாயப் போறான்னு அவளுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சுது. மூணாவது வருஷம் பெஞ்சுல உக்காந்தா. இப்ப ஆம்பூர்ல ஒரு பேங்குல கவுண்டர்ல இருக்கா. வயசு இருபத்தஞ்சு."

பிரணவ் கண்ணாடியைக் கையில் வாங்கிப் புரட்டினான். "இந்தப் பொண்ணு?"

"இடது கீழ் மூலையில ஓட்டை இருக்கு. மத்த மூணும் அபாரம்."

"அப்ப நீண்டகால ஒப்பந்தம் வேண்டாம். மூணு வருஷம் போடுவோம். பிடிச்சிருந்தா கிளப் இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிச்சுக்கலாம்னு ஒரு வரி சேர்ப்போம். நீங்க எழுதிக் கொடுத்துடுங்க."

எழுத உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. அந்த இடது காலின் தாமதம் உறுத்திக்கொண்டே இருந்தது. பதிவை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முதல் நாள் காலையிலும் அதே தாமதம், கடைசி நாள் களைத்துப்போன பிறகும் அதே தாமதம். மனுஷக் கால் ஒரு நாள் ரொம்பப் பிந்தும், ஒரு நாள் கொஞ்சம் பிந்தும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நாள் பிந்தவே பிந்தாது. இது கடிகாரம் போலப் பிந்தியது.

நேரில் போய்ப் பார்க்கும் வழக்கமெல்லாம் லீக்கில் எப்போதோ ஒழிந்துவிட்டது. ரெஜினா சொந்தச் செலவில் ரயிலேறிக் கோவில்பட்டிக்குப் போனாள்.

*

செண்பகவல்லி நிழலைவிடக் குள்ளமாகத் தெரிந்தாள். முகம் இருந்ததாலோ என்னவோ. பெரிய கண்கள், கன்னத்தில் பழைய வெட்டுத் தழும்பு. சென்னையிலிருந்து கிளப் ஆள் வந்திருப்பதாகத் தெரிந்ததும் அவள் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை.

"நிழல்தான் எடுத்தாச்சே மேடம். இன்னும் என்னத்துக்கு?"

"சும்மா. ரொம்ப நாளாச்சு, நிஜக் கீப்பருக்கு எதிரா அடிச்சு."

மைதானத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா எல்லா மூலைக்கும் மாற்றி மாற்றி அடித்தாள். நடு நடுவே இடது கீழ் மூலைக்கும் அடித்தாள். முதல் இரண்டும் கோல். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி, பந்தைப் பொறுக்கிப் போட்டாள்.

அடுத்த பந்தை ரெஜினா வலது பக்கம் அடிக்கிற மாதிரி உடம்பைத் திருப்பி, கடைசிக் கணத்தில் மணிக்கட்டை மடக்கி இடது கீழ் மூலைக்கு அனுப்பினாள். யோசிக்க நேரம் கொடுக்காத பந்து. டொப்பென்று கால்காப்பில் பட்டு வெளியே தெறித்தது. செண்பகவல்லியின் இடது கால் தரையோடு தரையாக முழுசாக நீண்டு கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். செண்பகவல்லி தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"எழுதிருவீங்களா?"

"முதல்ல சொல்லு. ஏன்?"

கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். "தஸ்லிமா அக்கா ஆடின மேட்ச் அம்புட்டும் பாத்திருக்கேன்," என்றாள் செண்பகவல்லி. "நம்மள முழுசாக் காட்டுனா ரெண்டு வருஷத்துல முழுசாப் படிச்சிருவாங்க. ஒரு கதவ மட்டும் திறந்து வச்சா எல்லாரும் அது வழியாத்தான் வருவாங்க. சுவரத் தட்டிப் பாக்க மாட்டாங்க. எங்க வருவாங்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும். லீக் ஃபைனலுக்கு இந்தியா டீம் செலக்டர்கள் வருவாங்க. அன்னைக்குக் கதவ அடைச்சிருவேன். இந்தியா டீமுக்குப் போயிட்டா நிழலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"இது மோசடி. கண்டுபிடிச்சா ஆயுசுக்கும் ஆட விட மாட்டாங்க, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அதோட, நிழல் அப்படியே நிக்காது. ஒவ்வொரு மேட்ச்சையும் படம் பிடிச்சு அதைத் திருத்திக்கிட்டே இருப்பாங்க. நீ இடது பக்கம் தடுக்க ஆரம்பிச்சா ஒரு மாசத்துல அதுக்கும் தெரிஞ்சுடும்."

"அதனால அப்பப்ப கோல் விடத்தான் வேணும். தோத்தா பரவால்லங்கிற மேட்ச்ல, ஜெயிச்ச மேட்ச்ல. எப்ப விடணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

"எவ்வளவு நாள்?"

"ஃபைனல் வார வரைக்கும்."

எத்தனை எளிதாகச் சொல்கிறாள் என்று ரெஜினாவுக்குத் தோன்றியது. பத்தொன்பது வயதில் மூன்று வருடம் என்பது யாருடைய கணக்கிலும் வராத ஒரு காலம். அவளைக் காட்டிக்கொடுக்கலாம். அல்லது தடுத்ததைப் பார்த்ததாக மட்டும் எழுதலாம். அப்படி எழுதினால் மறுபடி நிழல் எடுப்பார்கள், நீண்ட ஒப்பந்தம் போடுவார்கள், நிறையப் பணம் வரும், பிறகு ஆம்பூரிலோ சாத்தூரிலோ ஒரு கவுண்டர்.

ரயிலில் திரும்பும்போது அறிக்கையை முடித்தாள். மூன்று மூலைகளில் சிறப்பு. இடது கீழ் மூலையில் திருத்த முடியாத தாமதம். நீண்டகாலத்தில் பெரிய வளர்ச்சிக்கு வாய்ப்பில்லை. மூன்று வருடம் போதுமானது.

எழுதியது பொய் என்று அவளுக்குத் தெரியும். நல்லதுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டாள்.

*

முதல் வருடம் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. நெய்தல் நாலு கோல் முன்னணியில் இருக்கும்போது செண்பகவல்லி ஒன்றை விடுவாள். இடது கீழ் மூலை. எதிரணிப் பெண்கள் கைகோத்துக் குதிப்பார்கள். கேலரியில் இருக்கும் ரெஜினாவுக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஆட்டம் முடிந்து வரும்போது இருவரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். 'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது என்று இருவருக்கும் நினைவில்லை.

இரண்டாம் வருடம் கடினமாகிவிட்டது. மற்ற மூன்று மூலைக்கு யாரும் அடிப்பதே இல்லை. வருகிற பந்தெல்லாம் இடது கீழ் மூலைக்குத்தான். பாதியைத் தற்செயல் போலத் தடுத்து, மீதியை விட வேண்டியிருந்தது. புவனேஸ்வரில் ஒரு கோலில் தோற்றபோது கேப்டன் தண்ணீர் பாட்டிலை அவள் காலடியில் விட்டெறிந்தாள். "அந்தக் காலை வெட்டித் தூரப் போடு," என்றாள் எல்லார் முன்னாலும். செண்பகவல்லி பாட்டிலை எடுத்து மூடி போட்டு வைத்தாள்.

அவளுடைய அப்பா அரசு பஸ் டிரைவர். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் போன் செய்வார். "இடது காலக் கவனி தாயி. ஏதோ எண்ணெய் சொன்னாங்க, வாங்கி அனுப்புதேன்," என்பார். எண்ணெய் வந்தது. அவள் தேய்த்தும் கொண்டாள். "அவர்ட்டயாவது சொல்லிரணும்னு இருக்குக்கா," என்றாள் ரெஜினாவிடம் ஒருமுறை. "சொன்னா பஸ்ல வாரவன் போறவன்ட்டயெல்லாம் சொல்லிருவாரு. எம்மவ வேணும்னு விடுதான்னு."

மூன்றாம் வருடத்தில் ரெஜினா ஒன்றைக் கவனித்தாள். முன்பெல்லாம் எது விட்ட பந்து, எது தவறிய பந்து என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியும். விடுகிற பந்துக்கு முன் அந்தப் பெண்ணின் தோளில் மிக லேசான ஒரு தளர்ச்சி வரும். இப்போது அந்தத் தளர்ச்சியைக் காணவில்லை. நடிப்பு நன்றாகப் படிந்துவிட்டது என்று நினைத்து அவள் சமாதானப்பட்டாள்.

அந்த வருடம் நெய்தல் ஃபைனலுக்குப் போனது.

*

சென்னையில்தான் ஃபைனல். செலக்டர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா அவர்களுக்கு நாலு வரிசை பின்னால்.

ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்தபோது, கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. மைதானம் முழுக்க எல்லாருக்கும் பந்து எங்கே போகும் என்று தெரியும். கோலைக் காக்க நின்ற நெய்தல் பெண்களில் ஒருத்தி இடது கம்பத்தை ஒட்டிப் போனாள். செண்பகவல்லி கையசைத்து அவளை விலகச் சொன்னாள். தடுப்பது தான் ஒருத்தி மட்டுமே என்று செலக்டர்களுக்குக் காட்ட நினைக்கிறாள். ரெஜினா தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

பந்து உள்ளே தள்ளப்பட்டது, நிறுத்தப்பட்டது, சுண்டப்பட்டது. இடது கீழ் மூலை.

இடது கால் நீண்டது. ஒரு கண்ணிமை நேரம் பிந்தி நீண்டது.

கோலின் உள்பலகையில் பந்து மோதிய சத்தம் கேட்டது. பிறகு கூச்சல். செண்பகவல்லி காலை நீட்டியபடியே தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ வந்து கை கொடுத்துத் தூக்கும் வரை அப்படியே இருந்தாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நடைவழியில் ரெஜினா அவளைப் பார்த்தாள். கால்காப்பைக்கூட அவிழ்க்காமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நல்ல அடி," என்றாள் ரெஜினா. "யாரா இருந்தாலும் கஷ்டம்தான்."

"இல்லக்கா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவ ஓடி வரும்போதே தெரிஞ்சிட்டு. எங்க வருதுன்னு தெரியும், எவ்வளவு வேகம்னு தெரியும். நான் காலுக்குச் சொல்லிட்டேன். அது நின்னுட்டு. நான் தினமும் நிறுத்துவேன்லா, அந்த இடத்துல நின்னுட்டு. அப்புறமாத்தான் போச்சு."

செண்பகவல்லி குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

"எப்ப இருந்துன்னு எனக்கே தெரியலக்கா. போன வருஷமே இருக்கலாம். நான்தான் விடுதேன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன்."

*

ஒரு வாரம் கழித்துப் பிரணவ் ரெஜினாவைத் தன் அறைக்கு அழைத்தான். இனிப்பு வரவழைத்திருந்தான்.

"லீக் ஆபீஸ்ல இருந்து பேசினாங்க மேம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எல்லா கிளப்பும் கொடுத்த கணிப்புகளை இப்ப நடந்ததோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. உங்களுது முதலிடம். செண்பகவல்லி அறிக்கையில நீங்க எழுதின தாமதம் இருக்கே, ஃபைனல்ல அவ பிந்தினதும் அதே அளவு. மத்த கிளப்புக்கெல்லாம் உதாரணமா அனுப்பப் போறாங்க."

ரெஜினா இனிப்பைத் தொடவில்லை.

"இப்ப ஒரு சின்ன வேலை. அவளை நீட்டிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். எனக்கு நீட்டிக்கலாம்னு தோணுது. பழைய சம்பளம்தான். அஞ்சு வருஷம் ரிசர்வ் கீப்பரா இருக்கட்டும், நம்ம பொண்ணுங்க பயிற்சிக்கும் ஆகும். நீங்க சொன்னா சரி. உங்க பேச்சை மீறி நான் எதுவும் செய்ய மாட்டேன்."

அன்று மத்தியானம் கிளப் மைதானம் காலியாக இருந்தது. செண்பகவல்லி கேட்டுக்கொண்டதால் ரெஜினா அவளுக்குப் பந்தடித்தாள். பாதி வலுவில், முழு வலுவில், ஏமாற்றி, ஏமாற்றாமல். இடது கால் பிந்தியது. பிந்தியது. ஒருமுறை பிந்தாதது போலிருந்தது. பந்து மெதுவாகப் போனதாலா என்று இருவருக்கும் சந்தேகம். அடுத்தது பிந்தியது.

கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரெஜினா விஷயத்தைச் சொன்னாள். "நீட்டிச்சா அஞ்சு வருஷம் சம்பளம் உறுதி. ஆனா வாரா வாரம் ஆடணும், இல்ல நம்ம பொண்ணுங்களுக்குப் பயிற்சிக்கு நிக்கணும். அந்தக் காலுக்கு இந்தப் பழக்கம் இன்னும் படிஞ்சுதான் போகும். நீட்டிக்கலன்னா நீ வெளிய. உன் நிழல் லீக்ல எல்லாருக்கும் பொதுவாவே இருக்கும். உன்னை எடுக்க வேற யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ஒரு வருஷம் மேட்ச்சே ஆடாம, யாரும் படம் பிடிக்காம, வெறும் பந்து மட்டும் வாங்கினா திரும்புமாக்கா?"

"டாக்டரைக் கேட்டேன். சிலருக்குத் திரும்பும்னார். சிலருக்குத் திரும்பாதாம்."

செண்பகவல்லி டீயைப் பாதி குடித்தாள். "அப்பாட்ட நேத்து சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

"என்ன சொன்னாரு?"

"அந்த எண்ணெய நிப்பாட்டிருன்னாரு." அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. "எழுதுங்கக்கா. நீட்டிக்க வேண்டாம்னு."

ரெஜினா அங்கேயே எழுதி, திரையை அவள் பக்கம் திருப்பினாள். செண்பகவல்லி நிதானமாகப் படித்தாள். இடது காலின் தாமதம் நிரந்தரமானது. இருபத்திரண்டு வயதிலேயே உச்சம் கடந்துவிட்டது. இனித் தேற வாய்ப்பில்லை. நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை.

"இது உண்மையாக்கா?"

"முதல் அறிக்கையை எழுதும்போது அது பொய்னு எனக்குத் தெரியும்," என்றாள் ரெஜினா. "இது தெரியல."

செண்பகவல்லி தலையாட்டினாள். ரெஜினா அனுப்பினாள். டீ ஆறுவதற்குள் பிரணவிடமிருந்து பதில் வந்துவிட்டது. உங்கள் கணிப்பில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, விடுவிக்கிறோம் என்று எழுதியிருந்தான். அதையும் அவளிடம் காட்டினாள்.

அதைப் படித்து முடித்ததும் செண்பகவல்லி கால்காப்புகளைப் பையில் திணித்து, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கனத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஊருக்குப் போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்க்கா," என்றாள். "உண்மையா இல்லையான்னு."